சங்க மண்டபத்துக்கு வேட்டிப் படம் தருவதாக இல்லை: வர்த்தகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

சங்கத்தின் புதிய மண்டபத்தில் மட்டக்களப்பின் பழைய வர்த்தகர்களின் படங்களை மாட்டுவதென்று நீங்கள் எடுத்த முடிவை நான் மனதார வரவேற்கிறேன். எங்கள் அம்மப்பாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருப்பதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் நாங்கள் கொடுத்த படம் திரும்பி வந்துவிட்டது. காக்கிச் சீருடையில் நிற்கும் படம் மண்டபத்துக்குப் பொருந்தாதாம். வேட்டி சால்வையுடன் ஒன்று வேண்டுமாம். தொலைபேசியில் கேட்ட பெரியவர் தன்மையாகத்தான் கேட்டார். "மகள், ஆட்கள் பார்த்துவிட்டு ஏதாவது கதைப்பார்கள், நமக்கு ஏன் வீண் பிரச்சினை" என்றார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. இந்த ஊரில் அறுபது வயதைத் தாண்டிய எவருக்கும் அந்தப் பயம் இருக்கும்.

ஆனாலும் வேட்டிப் படம் தருவதாக இல்லை. காரணத்தைச் சங்கத்துக்கு மட்டும் எழுதி உறையில் போட்டு ஒட்டியிருக்கலாம். கிழக்கில் இன்னும் சில வீடுகளில் இதேபோன்ற படங்கள் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லோரும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

படத்தை ஒழுங்காகப் பார்க்காமலே திருப்பிவிட்டீர்களோ என்று ஒரு சந்தேகம் இருப்பதால், அதில் என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தபாலட்டை அளவு கறுப்பு வெள்ளைப் படம். கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் தொங்கும் திரையில் வரைந்த மாடிப்படியும் பூச்சாடியும் தெரிகின்றன. அரைக்கைச் சட்டை, அரைக் காற்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, ஒரு பக்கம் சரிந்த தொப்பி. இருபது வயதுப் பையன். சட்டை அவருக்குப் பெரிது. தோள்மூட்டு கைக்கு இறங்கிவிட்டது. கழுத்து மெலிந்து, தொண்டைக்குழி தெரிகிறது. சரியாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளையின் கழுத்து அல்ல அது. படத்தின் மேல் மூலையில் ஒரு பழுப்புக் கறை. அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அவர் படையில் சேர்ந்தது 1942இல். அந்த வருடம் மார்ச் மாதம் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. இலங்கை சாப்பிட்ட அரிசியில் பாதிக்கு மேல் கப்பலில் வந்த காலம் அது. அதிலும் பெரும்பங்கு பர்மா அரிசி. அது நின்றுபோனது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலையில் விழுந்தது. அன்றைக்கே, நமது கடலில், ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலையும் அதற்குத் துணையாக வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலையும் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. விமானந்தாங்கிக் கப்பலில் அன்று விமானமே இருக்கவில்லை. ஹேர்மிஸில் மட்டும் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து எடுத்தது. இன்று அந்தக் கப்பலைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்து கடலுக்கு அடியில் இறங்குகிறார்கள். அதைச் சுற்றுலாப் பிரசுரங்களில் போட நமக்கு ஒரு தயக்கமும் இல்லை.

அம்மப்பா நாட்டைக் காக்கப் போனதாக ஒருநாளும் சொன்னதில்லை. "வீட்டில் நெல் இல்லை. சம்பளம் தருகிறோம் என்றார்கள். போனேன்" என்பார். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், சொந்தமாக ஒரு துண்டு வயலும் இல்லாமல், போடியார் என்கிற பெரிய நிலக்காரர் ஒருவரின் வட்டையில், அதாவது வயல்வெளியில், வேலைசெய்த குடும்பம். இலங்கைப் பாதுகாப்புப் படையின் போக்குவரத்துப் பகுதியில் அவரைச் சேர்த்தார்கள். துப்பாக்கியைவிட அதிகமாக ஸ்டியரிங் பிடித்திருக்கிறார். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் இடையில் இரவிரவாக லொறி ஓட்டினார், விளக்கின் மேல் கறுப்புக் கடதாசி ஒட்டிக்கொண்டு. போர் முடிந்த மறுவருடம் விலகி வந்துவிட்டார்.

மண்டபத்துக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படுகிற உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் விலகி வந்தபோது இந்த நாட்டின் இன்றைய இராணுவம் உருவாகியிருக்கவே இல்லை. அது 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி பிறந்தது. அதற்குப் பிறகும்கூட, 1955இல் இராணுவத் தளபதியாக இருந்தவர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். அப்படியும் ஒரு காலம் இருந்தது. நமது பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்கள் நம்பாததற்குச் சுவரில் எதை மாட்டலாம், எதை மாட்டக்கூடாது என்று நாம் எடுக்கிற முடிவுகளும் ஒரு காரணம்.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் அவர் இடம்பிடித்தது அதற்காகத்தானே.

போர் முடிந்ததும் படையினர் கழித்துவிட்ட லொறிகள் ஏலத்துக்கு வந்தன. அதில் ஒன்றை எடுத்தார். கையில் இருந்த பணம் போதவில்லை. அம்மம்மாவின் அட்டியலும் காப்பும் அடகுக்கடைக்குப் போயின. தாலிக்கொடியும் போனது என்று பெரியம்மா சொல்கிறார். போகவில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறார். இந்த வழக்கு எங்கள் வீட்டில் இன்றுவரை தீரவில்லை. எது உண்மையானாலும், முதலில் போட்ட பணம் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் வந்தது. கணக்கு எழுதியதும் அவர்தான். நீளமான சிவப்பு அட்டைப் புத்தகங்கள். நெல் வந்த வட்டை, புசல், ஈரக்கழிவு, கொடுத்த காசு, நின்ற காசு. அம்மப்பா இங்கிலீஷ் எண்களை எழுதுவார். எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்க அவருக்கு நேரம் பிடிக்கும். பழைய வர்த்தகர்கள் என்று நீங்கள் தெரிவுசெய்த பட்டியல் முழுவதும் ஆண்கள். இதைப் படிக்கும்போது உங்களில் பலருக்கு உங்கள் தாய்மாரின் கையெழுத்து ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன்.

லொறியில் படுவான்கரை நெல்லை ஏற்றினார். மண்முனையில் பாதை ஏறித்தான், அதாவது வாகனத்தை ஏற்றிக் கடக்கும் மிதவையில்தான், வரவேண்டும். பாதைக்குக் காத்துக் கிடந்த காலத்தில் நெல் வியாபாரத்தின் நெளிவுசுளிவு முழுவதையும் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். இந்தப் பக்கம் வந்தால் கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய ஒற்றைவழி இரும்புப் பாலம், எதிரே மாட்டுவண்டி வந்தாலும் நிற்கவேண்டும். இப்போது மண்முனையிலும் கல்லடியிலும் இருக்கும் புதிய பாலங்கள் இரண்டும் ஜப்பானின் உதவியில் கட்டியவை. ஜப்பான்காரனுக்கு எதிராகப் போனவர் அவற்றைப் பார்க்க இருக்கவில்லை. இருந்திருந்தால் பாலத்தின் அகலத்தைக் கால்நடையாக அளந்து பார்த்துவிட்டு, இதை எழுபது வருடத்துக்கு முன்னரே கட்டியிருக்கக்கூடாதா என்று கேட்டிருப்பார்.

பிறகு கல்லடிப் பக்கத்தில் மில் போட்டார். அந்த மில்லை இந்த ஊர் என்ன பெயர் சொல்லி அழைத்தது என்று உங்களுக்கு ஞாபகமூட்ட வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் முருகன் பெயர்தான் இருந்தது. ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது "சார்ஜன் மில்". அவர் சார்ஜன் பதவியில் இருந்ததேயில்லை, சாதாரணச் சாரதி. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது உங்கள் சந்தை. உங்கள் தகப்பன்மாரின் பழைய கொப்பிகளைப் புரட்டிப் பாருங்கள். "சார்ஜன் மில் - தவிடு 10 மூடை" என்று எங்காவது இருக்கும். சீருடையை மறைத்துவிட்டு அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்லச் சங்கம் என்ன செய்யப்போகிறது?

பெயர் சும்மா வந்ததும் இல்லை. காலையில் சாரதி சாவி போடுவதற்கு முன்னர் எண்ணெய், தண்ணீர், டயர், பிரேக் என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். பார்த்ததற்கு அடையாளமாக லொறிக்கென்று வைத்த கொப்பியில் கையெழுத்துப் போடவேண்டும். எத்தனை மைல், எத்தனை கலன் என்றெல்லாம் அதில் இருக்கும். பட்டாளத்தில் படித்தது அது. அந்தக் கொப்பியால் அவர் பிடித்த எண்ணெய்த் திருட்டுகளைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். வேலைக்கு வர ஐந்து நிமிடம் பிந்தினால் வாசலில் நிற்கவைப்பார். இதெல்லாம் எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல நான் தயாரில்லை.

நெல் வாங்கும்போது அவரைப் பார்க்கவேண்டும். மூடையின் நடுவில் கை விட்டு ஒரு பிடி எடுப்பார். மேலே கிடப்பதை எடுக்கமாட்டார். உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, ஒரு மணியைக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். "டக்" என்று உடைந்தால் சரி. நசிந்தால் ஈரம், கழிவு போடச் சொல்லி அம்மம்மாவுக்குக் கண்காட்டுவார். சிறுபோக நெல்லென்றால் வேறு கவலை. கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் நெல் தளத்தில் சட்டென்று காய்ந்துவிடும். அப்படிக் காய்ந்த மணி உள்ளே வெடித்திருக்கும், குற்றினால் பாதி குருணையாகப் போகும். அதனால் வெயில் ஏற ஏற நெல்லைத் தடித்த படையாகக் கூட்டிவைத்து, ஆறவிட்டு, மறுபடி பரப்புவார்கள். அந்த வேலையைச் செய்த பெண்கள் உச்சி வெயிலில் சீமெந்துத் தளத்தில் வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நடப்பார்கள். அவர்களுக்குக் கொடுத்த கூலி குறைவு. அம்மம்மாவின் புத்தகத்தில் அதுவும் இருக்கிறது. ஈரக்கழிவில் அவர் கல்நெஞ்சக்காரர் என்று படுவான்கரை விவசாயிகள் பேசிக்கொண்டதும் பொய் இல்லை. காசை மட்டும் கையோடு கொடுத்துவிடுவார். "பிறகு வா" என்ற பேச்சு அவர் வாயில் வராது. காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் வந்து அரிசி எடுத்த முஸ்லிம் வியாபாரிகளோடு அவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இருந்ததில்லை, கைமாற்று மட்டும்தான். அவர்களில் ஒருவருடைய பெயரையும் உங்கள் பட்டியலில் நான் காணவில்லை.

1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்தது. நெல் வாங்கும் உரிமை அரசாங்கத்தின் கைக்குப் போனது. வீதியில் மறித்து அரிசி தேடினார்கள். சொந்தக்காரர் வீட்டுக்கு இரண்டு கொத்துக்கு மேல் கொண்டுபோனால் குற்றம் என்ற நிலைமை. அந்த வருடங்களில் மில் கூலிக்குக் குற்றிக் கொடுத்துப் பிழைத்தது. லொறி ஒன்று விற்பட்டது.

மில்லில் சம்பாதித்த பணம் எங்கே போனது என்பதில்தான் அவருடைய குடும்ப வாழ்க்கை இருக்கிறது. நமது பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. வீடு பெண்ணுடையது, மாப்பிள்ளை வந்து சேருகிறவர். அம்மப்பாவுக்கு மூன்று பெண்கள். பெரியம்மாவின் கல்யாணத்துக்கு, தாங்கள் இருந்த வீட்டை அவருக்கு எழுதிவிட்டு, பக்கத்து வளவில் கட்டிய புது வீட்டுக்குப் போனார்கள். என் அம்மாவின் கல்யாணத்தோடு அந்த வீடும் கைமாறியது. சின்னம்மாவுக்கு மூன்றாவது வீடு. ஒவ்வொரு தடவையும் அதே மரக்கட்டில், அதே பித்தளைக் குடம், அதே கணக்குப் புத்தகங்கள் ஒரு வேலி தாண்டிப் போகும். கடைசியில் மில்லுக்குப் பின்னால், மூடை அடுக்கும் அறையோடு ஒட்டி ஓர் அறை போட்டு அங்கே இருந்தார்கள் இருவரும். மூன்று வீடு கட்டியவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. அதை ஒரு குறையாக அவர் சொல்லிக் கேட்டதில்லை. மூன்று வீட்டிலும் கூரை ஒழுகுகிறதா என்று மாரிக்கு முன்னர் ஏணி கொண்டுவந்து ஏறிப் பார்ப்பார். மருமகன்மார் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். மில்லைப் பார்க்கிற வேலை மாமாவுக்கு. அவருக்குக் கிடைத்தது வசவுதான் அதிகம்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளியை இங்கே யாருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. தென்னந்தோப்புகள் ஓர் இரவில் தரையோடு தரையாகின. மில்லின் தகரக்கூரை பறந்துவிட்டது. களஞ்சியத்தில் இருந்த நெல் முழுவதும் நனைந்துவிட்டது. நனைந்த நெல் முளைவிடுவதற்குள் அவிக்கவேண்டும். மின்சாரம் இல்லை, உமி ஈரம். முறிந்து விழுந்த மில் கூரையின் மரங்களைக் கொத்தி அடுப்பில் வைக்கச் சொன்னார். அவித்த நெல்லைக் குற்றும் இயந்திரமான ஹலர் ஓடாது. அயலிலுள்ள பெண்கள் உரலும் உலக்கையும் கொண்டுவந்தார்கள். அவர் இறந்த முப்பத்தோராம் நாள் வெளியிட்ட நினைவு மலரில், சூறாவளிக் காலத்தில் ஊருக்கு இலவசமாக அரிசி வழங்கிய வள்ளல் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் நல்ல மனிதர், சங்கத்தின் பழைய உறுப்பினர். ஆனால் அம்மம்மாவின் புத்தகத்தில் வேறுவிதமாக இருக்கிறது: குற்றித் தருகிறவர்களுக்குப் பாதி, மில்லுக்குப் பாதி. இலவசம் இல்லை. குற்றத் தெம்பில்லாத கிழவிகள் சிலருக்கு மட்டும் பெயருக்கு எதிரே கோடு போட்டு விட்டிருக்கிறது. எனக்கு வள்ளலைவிட அந்தப் பாதிக்கணக்குக்காரரைப் பிடிக்கும். சுவரில் தொங்கவேண்டியவரும் அவர்தான்.

அதே நினைவு மலரில் பட்டாளம் பற்றி ஒரு சொல் கிடையாது. அது வெளிவந்தபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அப்போது அந்த மௌனம் நியாயம்.

இனிக் கறையின் கதை. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து, வீட்டில் சீருடைப் படம் இருப்பது ஆபத்து. சோதனைக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கத்து ஆட்களாக இருந்தாலும் ஆபத்து. இவர் யார், எந்தப் படை, ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், 1942 என்று விளக்கம் சொல்ல அவகாசம் கிடைக்குமா? படை விடுவிப்புப் பத்திரத்தை அம்மப்பாவே அடுப்பில் போட்டார். படத்தையும் போடச் சொன்னார். அம்மம்மா போடவில்லை, சாமியறையில் இருந்த முருகன் படத்தின் சட்டகத்தைக் கழற்றி, பின்னட்டைக்கும் முருகனுக்கும் நடுவில் வைத்து ஆணியடித்துவிட்டார். சாமிவிளக்கின் எண்ணெய் சட்டகத்துக்குள் கசிந்து ஒரு மூலையைப் பிடித்துவிட்டது. வீட்டைவிட்டு ஓடவேண்டி வந்தபோதெல்லாம் முருகன் படத்தைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடினார். பக்தி என்று எல்லோரும் நினைத்தோம். அம்மப்பா சுனாமிக்கு முன்னரே போய்விட்டார், அவருக்குக்கூடத் தெரியாது. போர் முடிந்த பிறகு ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டுக் குறடு கேட்டு, சட்டகத்தைத் திறந்து காட்டினார்.

உங்களுடைய தொலைபேசி அழைப்பு வந்தபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "திரும்பவும் ஆணியடிக்கச் சொல்கிறார்களா?"

இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்களுக்குக் கல் இருக்கிறது. திருகோணமலையில் நிலாவெளி வீதியோரத்தில் வரிசையாக இருக்கிறது. கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் நினைவுத்தூண் நிற்கிறது. முதலில் காலிமுகத்திடலில் நின்றதை, எதிரிக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து போர்க்காலத்தில் அங்கே மாற்றி நட்டார்கள். உயிரோடு திரும்பி வந்து லொறி ஓட்டியவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கென்று ஒரு நாளும் நமது ஊரில் இல்லை. உலகப்போர்களில் இறந்தவர்களை நினைவுகூரும் நவம்பர் 11 கொழும்பில் சிவப்புப் பூக் குத்திக்கொள்கிறவர்களோடு முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் அரசாங்கம் நினைவுகூரும் படையினரில் அவர் இல்லை. மாவீரர் நாளான நவம்பர் 27இல் ஏற்றும் விளக்குகளும் அவருக்கானவை அல்ல. இவற்றில் எதிலாவது அவரைச் சேர்க்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை; அவரே கேட்டிருக்கமாட்டார். ஆனால் வியாபாரிகளின் சுவர் அவருடைய சுவர். அந்தச் சீருடையில் ஓட்டப் பழகிய லொறியும், அந்த வருடத்துப் பட்டினியில் அவருக்குப் புரிந்த அரிசியின் மதிப்பும் இல்லாமல் உங்களுக்கு அந்த வர்த்தகர் கிடைத்திருக்கமாட்டார். இருபத்தைந்து வருடம் கழித்து வேட்டி கட்டிக்கொண்டு ஏதோவொரு கோயில் திருவிழாவில் அவர் எடுத்துக்கொண்ட படம் எங்களிடம் இருக்கிறது. நல்ல படம். ஆனால் அதே வேட்டி சால்வையில், அதே நிற்கையில், உங்கள் சுவரில் ஏற்கெனவே பதினைந்து பேர் நிற்கப்போகிறார்கள்.

படத்தின் கீழே எழுதுவதற்கு வரியும் தருகிறோம்: "இரண்டாம் உலகப்போரில் இலங்கைப் பாதுகாப்புப் படையின் லொறிச் சாரதி, கல்லடி சார்ஜன் மில் உரிமையாளர், மூன்று பெண்களின் தகப்பன்." இதற்குக் கீழே அம்மம்மாவின் பெயரும், மில்லின் கணக்காளர் என்ற சொல்லும் வரவேண்டும். பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்துத் தருவது எங்கள் பொறுப்பு. கணக்குப் புத்தகங்களில் இரண்டை மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க விரும்பினால் கடனாகத் தருவோம்; கறையான் மருந்து அடித்த பெட்டியாக இருக்கவேண்டும். ஆட்கள் ஏதாவது கதைத்தால், கதைக்கிறவர்களை எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள். தேநீர் கொடுத்து விளக்கம் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது.

படத்தின் பெரிதாக்கிய பிரதியைச் செயலாளரின் கடையில் வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவோம். கறையை அழகுபடுத்துகிறோம் என்று கணினியில் அழிக்கவேண்டாம். மூலப்படம் அம்மாவின் அலுமாரியில் இருக்கும். சட்டகத்துக்கான செலவு எங்களுடையது. திறப்பு விழாவுக்கு ஒரு வாரத்துக்கு முன்னராவது உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும் நடக்கச் சிரமம், ஆட்டோ பேசவேண்டும்.

இப்படிக்கு,
சார்ஜன் மில் வீட்டின் நடு மகளின் மகள்,
கல்லடி, மட்டக்களப்பு.